குரூப்பில் இல்லாத இரண்டு பேர்

ஞாயிறு இரவு ஒன்பது மணி வாக்கில் ப்ளே ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த வாரத்துக்கான பட்டியல் வந்துவிடும். திங்கள் இட்லி, செவ்வாய் சப்பாத்தி, புதன் பழம் மட்டும், வியாழன் ஏதாவது சுண்டல், வெள்ளி அவரவர் விருப்பம். கூடவே, செவ்வாய்க்கிழமை பச்சை நிற நாள், பச்சைச் சட்டை போட்டு ஒரு பச்சைக் காய் கொடுத்தனுப்பவும். வெள்ளிக்கிழமை தண்ணீர் விளையாட்டு, மாற்றுத் துணியும் துண்டும் வேண்டும். கொஞ்ச நேரத்தில் 'நோட்டட் மேம்', 'தேங்க்யூ மேம்' என்று வரிசையாகப் பதில்கள் வரும். நடுவே யாராவது ஓர் அம்மா, பச்சைச் சட்டை இல்லை, நீலம் பரவாயில்லையா என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வி நன்றிகளுக்கு அடியில் போய்விடும், அவரே மறுபடி கேட்பார். மறுநாளிலிருந்து தினமும் பதினொன்றரை மணிக்குப் படங்கள் வரும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, பெயிண்டில் தொட்டு, தாளில் பூப்பூவாக அச்சுக் குத்திக்கொண்டிருப்பான் பையன். சரவணம்பட்டியில் ஏழாவது மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்தப் படம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது வேலைக்குப் போகிற அம்மாக்களுக்குத் தெரியும். அதை எடுத்து அனுப்புகிற மிஸ்ஸுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

ஆனாலும் ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரூப்பில் நான் இருக்கிறேன், திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு வருகிற என் கணவர் இருக்கிறார், மிஸ் இருக்கிறார், ஸ்கூலை நடத்துகிற மேடம் இருக்கிறார். காலையில் பையனைக் கொண்டுபோய் விட்டு, மூன்றரை மணிக்குக் கூட்டிவருகிற என் அம்மா இல்லை. அவனுக்கு ஊட்டிவிட்டு, கழுவிவிட்டு, மத்தியானம் தட்டித் தூங்கவைக்கிற ஆயாக்காவும் இல்லை. அவன் நாள் எப்படிப் போனது என்பதை முழுசாகத் தெரிந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். ஸ்கூலிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லாத் தகவலும் இவர்களைத் தொடாமல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போகிறது.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. அட்மிஷன் படிவத்தில் அம்மா நம்பர், அப்பா நம்பர் என்று இரண்டு கட்டம் இருந்தது, எழுதிக் கொடுத்தோம், அந்த நம்பர்கள் குரூப்பில் சேர்ந்தன. டைரி இங்கிலீஷில் வருகிறது, ஏனென்றால் அதைப் படிக்கப்போவது அந்த இரண்டு நம்பர்காரர்கள் என்று எல்லாருக்கும் ஓர் எண்ணம். என் அம்மா கோபிப் பக்கம் கிராமத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். தினத்தந்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விடாமல் படிப்பார். 'கைண்ட்லி சென்ட் எக்ஸ்ட்ரா நாப்கின்' என்று டைரியில் எழுதியிருந்தால் அதை அப்படியே மூடி வைத்து, பொழுதோட நான் வந்த பிறகு நீட்டுவார். அதற்குள் நாப்கின் வாங்குகிற கடையைத் தாண்டி வீட்டுக்கு வந்திருப்பார்.

திங்கள் முதல் வெள்ளி வரை

ப்ளே ஸ்கூல் வாரத்துக்கு ஒரு போக்கு உண்டு. சனி, ஞாயிறு வீட்டில் எல்லார் மடியிலும் புரண்டுவிட்டு வருகிற குழந்தைகள் திங்கட்கிழமை வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்று அழுதால் போதும், அதுவரை நன்றாக வந்த இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். செவ்வாய் கொஞ்சம் அடங்கும். புதன்கிழமைதான் எல்லாக் குழந்தைகளும் தங்கள் இடத்தில் இருப்பது மாதிரி இருக்கும், நன்றாகச் சாப்பிடுவார்கள், சண்டையும் நன்றாகப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை களைப்பு. சிலது சாதத்தை வாயில் வைத்துக்கொண்டே தூங்கிவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அம்மாவுக்கு ஆயாக்கா சொல்லி, அம்மா எனக்குச் சொன்னது.

ஆயாக்கா காலை எட்டு மணிக்கே வந்துவிடுகிறார். கூட்டித் துடைத்து, பாய் விரித்து, வருகிற குழந்தைகளின் செருப்பைக் கழற்றி ஜோடி மாறாமல் வைத்து, டிபன் டப்பாக்களில் மூடி திறக்காதவை எவை என்று அப்போதே பார்த்து வைக்கிறார். யார் தயிர் சாதத்தை மட்டும் விழுங்கும், யார் கேரட்டைக் கண்டால் துப்பும், யாருக்குத் தூங்கும்போது காது மடலைத் தடவ வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என் பையன் உள்ளங்காலில் கை வைத்தால் தூங்கிவிடுவான். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரே கண்டுபிடித்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர் பெற்றோரிடம் பேசக்கூடாது என்பது ஸ்கூல் விதி. குழந்தையைப் பற்றி எதுவானாலும் மிஸ்ஸிடம்தான் கேட்க வேண்டும், மிஸ்தான் சொல்ல வேண்டும். அட்மிஷன் அன்று கொடுத்த தாளிலேயே அச்சடித்திருந்தது.

டாக்டர் கேட்ட கேள்வி

போன மழைக்காலத்தில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை, காய்ச்சல் மட்டும் விட்டு விட்டு வந்தது. டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். தொற்று என்று ரிசல்ட் வந்தது. மருந்து எழுதிக்கொண்டே அவர் கேட்டார்: "ஸ்கூல்ல எத்தனை தடவை யூரின் போறான்? தண்ணி எவ்வளவு குடிக்கிறான்?" நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அங்கே உட்கார்ந்தபடியே மிஸ்ஸுக்கு மெசேஜ் போட்டேன். மிஸ் அன்பானவர், உடனே பதில் வந்தது. 'ஹி இஸ் டூயிங் வெரி வெல் மேம், வெரி ஆக்டிவ்.' கூடவே அன்று எடுத்த ஒரு படம், சிரித்துக்கொண்டு களிமண் உருட்டுகிறான். போன் முழுக்க அவன் படங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நன்றாக இருக்கிறான். டாக்டர் கேட்டதற்குப் பதில் அவற்றில் ஒன்றிலும் இல்லை.

பதில் வாசலில் கிடைத்தது. காய்ச்சல் விட்டு அவன் திரும்பப் போன முதல் நாள், கூட்டிவரப் போன என் அம்மாவிடம் ஆயாக்கா கேட்டிருக்கிறார்.

"ஏனுங் பெரீம்மா, தம்பிக்கு இப்ப எப்படியிருக்குதுங்க?"

"காச்சல் உட்டுருச்சு அம்மிணி. ஒண்ணுக்குப் போற எடத்துல கிருமின்னு டாக்டர் சொல்றாரு. இங்க எத்தன தடவ போறான்னு கேக்கறாரு, எங்களுக்குத் தெரியல."

ஆயாக்கா ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கிறார்: "தம்பி இங்க போறதே இல்லீங்க. வந்ததுலேர்ந்து நீங்க கூட்டிட்டுப் போற வரைக்கும் அடக்கிட்டே இருக்குது. ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயமுங்க. பக்கத்து ரூமுல யாராச்சும் அமுக்குனாக்கூட என்ற சீலையப் புடிச்சுக்கும். தண்ணி குடின்னாலும் குடிக்கறதில்ல. குடிச்சாப் போகோணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது."

மிஸ்ஸிடம் சொன்னாயா என்று அம்மா கேட்டதற்கு, "சொன்னேனுங்க, போகப் போகப் பழகிரும்னாங்க" என்றாராம்.

தினமும் நிறைந்தபடி திரும்பி வந்த தண்ணீர் பாட்டிலுக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளை, பயத்தைச் சொல்லத் தெரியாமல், தாகத்தை அடக்கி அதைச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஸ்கூலில் இதை ஒருவர் கவனித்திருக்கிறார். சரியான காரணத்தோடு கவனித்திருக்கிறார். அந்தக் காரணம் எங்களிடம் வந்து சேர வழி இல்லாமல் இருந்திருக்கிறது.

மறுநாளிலிருந்து ஆயாக்கா ஒரு வேலை செய்தார். மற்றக் குழந்தைகளை வரிசையாக பாத்ரூமுக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால், அங்கே யாரும் இல்லாத நேரத்தில், இவனை மட்டும் தனியாகக் கூட்டிப்போனார். இவன் வெளியே வந்து வராந்தாவைத் தாண்டும் வரை ஃப்ளஷை அமுக்கவில்லை, வாளித் தண்ணீர்தான் ஊற்றினார். கொஞ்ச நாள் கழித்து கதவுக்கு வெளியே அவனை நிறுத்தி, "இப்பச் சத்தம் வரும் பாரு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அமுக்கினார். அப்புறம் அவன் கையாலேயே அமுக்கவிட்டார். சத்தம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் பையனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. இப்போது வீட்டில் தேவையில்லாமல் அமுக்கித் தொட்டித் தண்ணீரைக் காலி செய்கிறான்.

விதியில் உள்ள நியாயம்

மேடத்தைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. ஆயாக்கா பேசியதால் அவருக்கு எதுவும் வந்துவிடக்கூடாது என்பது என் முதல் கவலை, அதைத்தான் முதலில் சொன்னேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். அவர் பக்கத்தையும் சொன்னார், அதில் நியாயம் இருந்தது. முன்பொரு தடவை ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்துவிட்டது. அந்த வயதில் கடிப்பது சாதாரணம், பேச்சு வராத கோபம் பல்லில் வந்துவிடும். கடித்தது யார் என்று பெற்றோரிடம் சொல்லக்கூடாது என்பது நல்ல மழலையர் பள்ளிகள் எல்லாம் கடைப்பிடிக்கிற பழக்கம். அன்றைக்கு ஓர் ஆயா வாசலில் பெயரைச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே குரூப்பில் இரண்டு குடும்பமும் மோதிக்கொண்டன. அடுத்த வாரம் ஒரு குழந்தை நின்றுவிட்டது. அதன் பிறகுதான் அந்த விதி.

நான் சொன்னது இதுதான். அடுத்தவர் பிள்ளையைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் அது சரியான விதி, நானே ஆதரிக்கிறேன். என் பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானா, ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போனானா என்று அவனைக் கழுவிவிட்டவர் சொல்வதை எதற்குத் தடுக்க வேண்டும்? தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கு தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கொடுத்திருக்கிற வழிகாட்டுதலில், 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றால் அதே 20 பேருக்கு ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்று இருக்கிறது. எண்ணிக்கையில் இரண்டு பேரையும் சமமாக வைத்திருக்கிறார்கள். பேச்சில் மட்டும் ஒருவரை விலக்கிவைத்தால், அந்தக் குழந்தையின் நாளில் பாதி யாருக்கும் தெரியாமல் போகிறது. மேடம் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

சித்தியின் பால்வாடி

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தியிடம் இதைப் பேசினேன். சித்தி அங்கன்வாடி டீச்சர். பலகையில் 'குழந்தைகள் மையம்' என்று இருந்தாலும் ஊரில் அது பால்வாடிதான். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 இடங்களில் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தபோது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் குழந்தைகளை மையத்துக்கு அனுப்புவது வழக்கமாகவே ஆகிவிட்டது என்று அம்மா சொல்வார். இன்று அங்கே வாரத்துக்கு மூன்று முட்டை, கலவை சாதம், பாட்டு, கதை, சின்னதாக ஒரு தூக்கம். என்னை அங்கே கவர்ந்தது வேறு ஒன்று. காலையில் ஆயா தெருவில் நடந்துபோய், வீடு வீடாகப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார். இது அவருடைய வேலையிலேயே சேர்த்தி. அப்படிப் போகும்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அப்பத்தா சொல்கிறார், ராத்திரி பூரா இருமினான், இன்னிக்கு வெயில்ல உடாதே என்று. அந்தச் செய்தி குழந்தையோடு கூடவே மையத்துக்கு வந்துவிடுகிறது.

மாதம் ஒரு தடவை எடை போடுகிற நாளில் அம்மாவோ அப்பத்தாவோ தராசுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். வளர்ச்சி அட்டையில் புள்ளி பச்சைப் பட்டையில் விழுகிறதா, மஞ்சளுக்கு இறங்கியிருக்கிறதா என்று சித்தி விரலை வைத்துக் காட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்த நிறம் புரிகிறது. போன மாசம் இங்க இருந்துது, இப்ப ஏன் இறங்குச்சு என்று அங்கேயே பேச்சு நடக்கிறது. குறைகள் இல்லாமல் இல்லை. 2021-ல் போஷன் டிராக்கர் செயலி வந்த பிறகு சித்தியின் நேரத்தில் பெரும்பகுதி போனுக்குப் போகிறது. வருகைப் பதிவு, உணவு, எடை, எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் வேப்ப மரத்தடிக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். முன்னெல்லாம் இந்நேரம் நாலு வீட்டுக்குப் போயிட்டு வந்துருப்பேன் என்று வருத்தமாகச் சொன்னார். மேலே அனுப்புகிற தகவல் கூடக் கூட, பக்கத்து வீட்டுப் பேச்சு குறைகிறது என்பதை அங்கேயும் பார்த்தேன்.

டோக்கியோவிலிருந்து வந்த படம்

காலேஜ் தோழி ஒருத்தி டோக்கியோவில் நிஷி கசாயில் இருக்கிறாள். நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கிற பகுதி. அவள் மகள் போகிற மழலையர் காப்பகத்தில் ரென்ராக்குச்சோ என்று ஒரு நோட்டு உண்டாம். இரண்டு வயது வரைக்கும் உள்ள குழந்தைகளுக்கு அது தினமும் வீட்டுக்கும் காப்பகத்துக்கும் போய் வர வேண்டும். பக்கம் எடுத்து அனுப்பினாள். ஒரு பாதி வீட்டுக்காரர்கள் எழுத வேண்டியது: நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், எப்போது எழுந்தாள், காலையில் உடம்புச் சூடு எவ்வளவு, மலம் கழித்தாளா, இன்று யார் கூட்டிப்போக வருவார்கள். மறுபாதி காப்பகம் எழுதுவது: எவ்வளவு சாப்பிட்டாள், எவ்வளவு நேரம் தூங்கினாள், பிறகு அன்றைக்கு நடந்த ஏதோ ஒன்று நாலு வரியில். சூடு 37.5 டிகிரியைத் தொட்டால் போன் வந்துவிடுமாம், வேலையை விட்டு ஓட வேண்டியதுதான். திங்கட்கிழமை படுக்கை விரிப்பைத் துவைத்துக் கொண்டுபோய், வெள்ளிக்கிழமை சுருட்டி எடுத்துவர வேண்டும், ஒவ்வொரு டயபரிலும் பெயர் எழுத வேண்டும் என்று அலுத்துக்கொண்டாள். அந்த நோட்டைப் பற்றி மட்டும் அலுத்துக்கொள்ளவில்லை. இப்போது அங்கேயும் பல இடங்களில் அது செயலியாக மாறி வருகிறதாம். நோட்டு இருக்கிற வரைக்கும் எனக்கு நோட்டே போதும் என்றாள்.

அந்தப் பக்கத்தில் வீட்டுக்கும் ஒரு பாதி இருக்கிறதே, அதைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குரூப்பில் ஸ்கூல் சொல்கிறது, நாங்கள் நன்றி சொல்கிறோம். பையன் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு விடியும்வரை தூங்கவில்லை என்பதை எங்கே சொல்வது? இருபது குடும்பம் இருக்கிற குரூப்பில் அதைப் போட முடியாது. ஆனால் அன்றைக்கு அவன் ஏன் சோற்றைத் தள்ளிவிட்டான் என்று புரிய அது தெரிந்தாக வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். தமிழில் எழுதுங்கள் என்றேன். மேடத்திடம் அனுமதி கேட்டேன். மற்றப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, மிஸ் எப்போது வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம் என்று சொன்ன பிறகு சரி என்றார். ஆயாக்காவுக்குத் தமிழ் நன்றாக எழுத வரும், பத்தாவது வரை படித்தவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மா எழுதுகிறார்: 'ராத்திரி ரெண்டு தோசை. காலைல பால் மட்டும். பல் முளைக்குதாட்ட இருக்குது, கன்னத்துல கை வெக்கறான்.' கீழே ஆயாக்காவின் உருண்டை எழுத்து: 'ரசம் சாதம் முக்கால் கிண்ணம். ஒண்ணுக்கு மூணு தடவை. தண்ணி பாதி பாட்டில். தூங்கல, படுத்துட்டு பாட்டுப் பாடுச்சு.' ஒரு வெள்ளிக்கிழமை மிஸ்ஸும் கீழே இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தார், இவன் இன்றைக்கு வேறொரு குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டான் என்று. அம்மா என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பக்கத்திலேயே அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நோட்டு வீட்டுக்கு வருகிறது. சனிக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து அந்த வாரத்தை ஒரே மூச்சில் படிக்கிறேன். எந்த நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அதற்கு முந்தின ராத்திரி என்ன நடந்தது என்று ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க முடிகிறது. அடுத்த தடவை டாக்டர் எது கேட்டாலும் அதை எடுத்துக்கொண்டு போவேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆயாக்காவுக்கு ஸ்கூலில் கிடைக்கிற சம்பளம் குறைவு. தெரிந்தவர் மூலம் மில் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறார், கிடைத்தால் போய்விடுவார், போகவும் வேண்டும். அவருக்குப் பிறகு வருகிறவர் உள்ளங்கால் விஷயத்தைத் தானாகக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகுமோ. நோட்டில் அதை முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு வீட்டுப் பாட்டிகள் நோட்டு கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் கொண்டுவந்தால் ஒருவரே அத்தனைக்கும் எழுத முடியாது, இன்னோர் ஆள் போட வேண்டும், அதற்குக் கட்டணம் ஏறும் என்றால் ஏற்றட்டும் என்று மேடத்திடம் சொன்னேன். மற்றப் பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று இந்த மாதக் கூட்டத்தில் தெரியும். கூட்டம் வழக்கம்போல சனிக்கிழமை பத்து மணிக்கு, அம்மா அப்பா மட்டும் என்று குரூப்பில் போட்டிருக்கிறார்கள். என் அம்மாவையும் கூட்டிவருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.